210 நாள் மனக்கணக்கு எங்கே? மனநிலைப் பதிவு ஆப் கம்பெனிக்கு ஐந்தாவது புகார் கடிதம்

சேரன்மகாதேவி,
26.09.2025

அனுப்புநர்:
வாடகைப் பாத்திரக் கடை உரிமையாளர்,
சேரன்மகாதேவி, திருநெல்வேலி மாவட்டம்.
(வாடிக்கையாளர் எண்ணை நான்கு கடிதத்திலும் எழுதிவிட்டேன். இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
மனநிலைப் பதிவு ஆப் நிறுவனம்.

பொருள்: 14.01.2025 முதல் 11.08.2025 வரை நான் பதிந்த 210 நாள் மனநிலைக் குறிப்புகள் காணாமல் போனது, உங்கள் ஊழியர் அவற்றைப் படித்துச் சிரித்தது, மதுரைக்கு வீணாக அலையவிட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். முதல் நான்கு கடிதங்களையும் என் மகள் மின்னஞ்சலில் அனுப்பினாள். இதை நானே உட்கார்ந்து கையால் எழுதி, அவளை டைப் செய்யச் சொல்லி, ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புகிறேன். மெயில் வரவில்லை என்று இந்த முறை சொல்ல முடியாது.

ஆப்பைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தந்த நேர மனநிலைக்குத் தொட்டுப் பதியும் அந்த ஐந்து முகம், அதற்குக் கீழே தூக்கம், சாப்பாடு, நடை என்று வரும் கட்டங்கள், மனநிலை ஏறி இறங்கியதைக் காட்ட மாதக் கடைசியில் போடும் வளைகோடு, எல்லாம் நீங்கள் செய்தவைதானே. பழைய கணக்கில் நுழைந்ததும் இரண்டாவது பக்கம் வெள்ளையாக வருகிறது என்று சொன்னால் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்கிறீர்கள். சரி, மறுபடியும் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் அதிகம். அதை மறைத்து என்ன செய்ய? போன மார்கழியில் கடைப் பையன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். வீட்டில் நச்சரித்ததால் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். அவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "கோபம் எப்ப வருது, அன்னைக்கு எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, என்ன சாப்பிட்டீங்க, அன்னன்னைக்கே குறிச்சிட்டு வாங்க. மாசக் கடைசியில யோசிச்சுச் சொன்னா கடைசியா வந்த கோபம்தான் ஞாபகத்துல நிக்கும்" என்றார். நியாயமான பேச்சு. மகள்தான் உங்கள் ஆப்பைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். பொங்கலன்று 1,499 ரூபாய் வருடச் சந்தா கட்டினேன்.

நான் கணக்குக்குப் பழகிய ஆள். என் கடையில் அண்டா, சருவம், குத்துப்போணி, தாம்பாளம், ஜல்லிக்கரண்டி வரை எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். எது எந்த ஊர் கல்யாணத்துக்குப் போனது, எத்தனை திரும்பியது, எதில் ஒடுக்கு விழுந்தது என்று நோட்டில் இருக்கும். 1998-ஆம் வருட நோட்டைக் கேட்டாலும் பரணிலிருந்து எடுத்துத் தருவேன். அந்தப் பழக்கத்தில்தான் ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒரு நாள் விடாமல் உங்கள் முகத்தைத் தொட்டேன். உங்கள் தமிழில் வெசனத்துக்குத் தனி முகம் கிடையாது, வெப்ராளத்துக்கும் கிடையாது. பாக்கிப் பணம் தராமல் கல்யாண வீட்டுக்காரர் இழுத்தடிக்கும்போது நெஞ்சில் உட்காருவது வெசனம். விடிகாலை நாலு மணிக்கு டெம்போ வரவில்லை என்றால் வருவது வெப்ராளம். இரண்டுக்கும் ஒரே சோக முகத்தை வைத்திருக்கிறீர்கள். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, குறிப்பில் எழுதிச் சமாளித்தேன்.

பலன் இல்லை என்று சொன்னால் பொய். முகூர்த்த நாளில், ஏற்றி இறக்கும் அவசரத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வளைகோட்டைப் பார்த்தால் அன்றைக்கெல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறேன். கோபம் வருவது மறுநாள், சாமான் திரும்பி வந்து எண்ணும்போது. அதுவும் மதியம் மூன்று மணி வரை சாப்பிடாமல் எண்ணும் நாள்களில் மட்டும். சாயங்காலம் கன்னடியன் கால்வாய்க் கரையில் நடந்துவிட்டு வந்தால் ராத்திரி முகம் ஒரு படி ஏறியிருக்கும். 54 வயதில் என்னைப் பற்றி எனக்கே தெரியாத விஷயம். இதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகத்தான் காத்திருந்தேன்.

ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு கோளாறு இருந்தது. மே மாதமே எழுதினேன், நினைவிருக்கும். "செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் மனநிலை தாழ்கிறது, ஓய்வு நாளைச் சுறுசுறுப்பாகக் கழித்துப் பாருங்கள்" என்று உங்கள் ஆப் அறிவுரை சொன்னது. செவ்வாய் எனக்குக் கடை விடுமுறை. ஆப் சொல்கிறதே என்று இரண்டு மாதம் செவ்வாயும் கடை திறந்தேன். அப்புறம் மகள்தான் கண்டுபிடித்தாள். புதன்கிழமை முகூர்த்தத்துக்கு விடிகாலை நாலு மணிக்குச் சாமான் ஏற்றும்போது நான் பதிகிற பதற்றமெல்லாம் செவ்வாய்க் கணக்கில் போய் விழுந்திருக்கிறது. உங்கள் ஆப் கிரீன்விச் நேரத்தில் தேதி போடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே இங்கே காலை 5.30-க்கு முன்னால் எதைப் பதிந்தாலும் அது நேற்றைய கணக்கு. கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்தது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதா? "அடுத்த அப்டேட்டில் சரியாகும்" என்று ஒரு வரி பதில். சரியாகவில்லை. 5.30 வரை போனைத் தொடாமல் இருந்து நானேதான் சரிக்கட்டினேன். போன அந்த எட்டு செவ்வாய்க்கிழமைக்கு யார் பொறுப்பு?

11.08.2025 அன்று பாத்திரம் கழுவும் தொட்டியில் போன் விழுந்துவிட்டது. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் இரவு பேக்கப் ஆகும், போன் போனாலும் பதிவு போகாது என்று விளம்பரம் செய்தது நீங்கள். புதுப் போனில் அதே எண், அதே கடவுச்சொல் போட்டு நுழைந்தால் ஒரு நாள்கூட இல்லை. போதாக்குறைக்கு நான் சந்தா கட்டாத ஆள் என்று சொல்லி மாதம் 199 ரூபாய் கேட்டது. கட்டினால் பழையது வருமோ என்று ஆசையில் கட்டினேன். வரவில்லை. ரத்து செய்தேன். ரத்து செய்த பிறகும் 12.09.2025 அன்று இன்னொரு 199 எடுத்திருக்கிறீர்கள்.

போன் விழுந்த இரண்டாம் நாளே, ஆகஸ்ட் 13-ஆம் தேதி புகார் கொடுத்தேன். பதில் வந்தது 22-ஆம் தேதி, "தங்கள் பதிவுகள் எங்கள் சர்வரில் இல்லை" என்று. இல்லை என்பதை எழுத்தில் தந்திருக்கிறீர்கள். இதை மறக்க வேண்டாம், கீழே தேவைப்படும்.

28.08.2025, வியாழன், காலை 11.20. உங்கள் உதவி எண்ணில் ஒரு தம்பி பேசினார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. கணக்கைத் திறந்து பார்க்கிறேன் என்று ஐந்து நிமிடம் பாட்டுப் போட்டார். அப்புறம் லைனுக்கு வந்து, நான் கேட்காமலே படிக்க ஆரம்பித்தார்: "பெரிய அண்டாவில் ஒடுக்கு. மச்சினன் முன்னால் பையனைத் திட்டிவிட்டேன். கொல்லையில் போய் உட்கார்ந்து அழுதேன்." படித்துவிட்டு, "அண்டா ஒடுங்கினதுக்கா சார் அழுதீங்க?" என்றார். அவர் பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். அதற்கு அவர், "கோபத்துக்கும் ஒரு முகம் இருக்கு சார், அழுத்திக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஐயா, அது ஜூன் மாதக் குறிப்பு. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. இப்போது இந்தக் கடிதத்தை டைப் செய்யும் மகளுக்கு இதனால்தான் தெரிகிறது. பதிவுகள் சர்வரில் இல்லை என்று 22-ஆம் தேதி எழுதிக் கொடுத்தீர்கள். 28-ஆம் தேதி அந்தத் தம்பி எதைப் பார்த்துப் படித்தார்? இல்லாத குறிப்பை எப்படி வாசிக்க முடியும்? இருக்கிறது என்றால் ஏன் எனக்குத் தரவில்லை? உங்கள் குறிப்புகளை உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாது என்று முதல் பக்கத்தில் பூட்டுப் படம் போட்டிருக்கிறீர்களே, அந்தப் பூட்டுக்குச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?

இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மதுரைக் கதை வேறு. மறுபடி கூப்பிட்டபோது ஒரு அம்மா மரியாதையாகப் பேசினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். பழைய போனை மதுரை மண்டல மையத்துக்கு நேரில் கொண்டுவந்தால் எடுத்துத் தருவார்கள் என்று முகவரி அனுப்பினார்கள். 04.09.2025, ஆவணி மாதம், சீசன் நேரம். கடையைப் பூட்டிவிட்டு விடியற்காலம் கிளம்பி, வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறி, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் தாண்டி மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோ பிடித்து அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. ஏறிப்போய்ப் பார்த்தால் அங்கே போட்டித் தேர்வுக்கு வகுப்பு நடக்கிறது. முப்பது பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். என் கையில் அரிசி மூட்டைக்குள் வைத்து உலர்த்திய போன், பாலித்தீன் பையில். கீழே வாட்ச்மேன்தான், "அவங்க காலி பண்ணி ஆறு மாசம் ஆச்சுண்ணே, உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் வந்தாங்க" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். உங்கள் கம்பெனி விவகாரத்தில் எனக்கு உருப்படியான தகவல் தந்த ஒரே மனிதர் அவர்தான். அவருக்குச் சம்பளம் நீங்கள் தருவதில்லை.

போக வர 640 ரூபாய் செலவு. அது கிடக்கட்டும். கடை பூட்டியிருந்ததால் பத்தமடை கல்யாணம் ஒன்று, முந்நூறு பேர் பந்திச் சாமான், வேறு கடைக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அந்தக் கல்யாணங்களும் இனி எனக்கு இல்லை. அப்புறம் அவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் காதுகுத்து, சடங்கு எல்லாம் இருக்கிறது. மொத்தத்தில் லட்சக்கணக்கில் நஷ்டம்.

15-ஆம் தேதி மருத்துவரிடம் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தேன். "ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க" என்றார். எனக்கு அந்தத் தம்பியின் சிரிப்பைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை. நல்ல சாமான்தான் செய்திருக்கிறீர்கள், பராமரிப்புத்தான் இல்லை. ஆகவே தயவுசெய்து இந்த நான்கையும் செய்து கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் 210 நாள் பதிவையும், குறிப்புகளோடு, தேதியைத் திருத்தி, தாளில் அச்செடுத்து அனுப்ப வேண்டும். 28-ஆம் தேதி என் குறிப்பு யார் திரையில், எந்த அனுமதியில் திறந்தது என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். கட்டிய பணம் 1,897 ரூபாயும் திரும்ப வேண்டும். அந்தத் தம்பி என்னிடம் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும், பக்கத்தில் அந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு.

பதினைந்து நாள் பார்ப்பேன். இல்லையென்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை இன்னொருவருக்கு வெளியிடுவது முறையற்ற வணிகம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. ஆன்லைன் வியாபாரம் செய்பவர்கள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-இல் வந்த விதி. நீங்கள் வாயைத் திறக்கவே ஒன்பது நாள் ஆனது. ஆணையத்துக்குப் போனால் 1,897-ஓடு நிற்க மாட்டேன், மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்பேன். உங்கள் ஆப்பே அதற்குச் சாட்சி, ஆகஸ்ட் 12-க்குப் பிறகு புதுப் போனில் நான் பதிந்தது எல்லாம் கடைசி முகம்தான். அதையாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

சிரமத்துக்கு மன்னிக்கவும். நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடகைப் பாத்திரக் கடைக்காரர்,
சேரன்மகாதேவி.

இணைப்பு: சந்தா ரசீது, 22.08.2025 தேதியிட்ட உங்கள் மெயில், 199 ரூபாய் எடுத்த இரண்டு வங்கித் தகவல்கள், மதுரை பஸ் டிக்கெட்.

பி.கு.: பழைய போன் என் கடை மேசை டிராயரில்தான் இருக்கிறது. தேவை என்றால் இனி உங்கள் ஆள் இங்கே வரட்டும். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் பஸ்ஸில் ஏறினால் சேரன்மகாதேவியில் இறங்கிக்கொள்ளலாம். பாத்திரக் கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். வந்தால் காபி உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் வர வேண்டாம், கடை விடுமுறை.