அப்பிள் வாங்க முடியாவிட்டால் பழமே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். ஊரில் இன்னமும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும், பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் மேற்கே படுவான்கரையிலும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை நிறுத்து, கர்ப்பிணித் தாய்மாரோடு இருந்து கதைத்ததுதான் என் தொழில். அந்த வீடுகளில் நான் அதிகம் கேட்ட பதில், "பழம் வாங்க எங்களுக்கு எங்க மிஸ்ஸி வசதி?" என்பது. சொல்கிறவரின் வாசலிலேயே கொய்யா மரம் நிற்கும். கிணற்றடியில் பப்பாசி பழுத்து, கிளி கொத்தி, கீழே விழுந்து கிடக்கும்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. பழம் என்றால் அவர்கள் மனதில் வருவது அப்பிள், திராட்சை, தோடம்பழம். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது பால்மாப் பேணியோடும் பிஸ்கட் பெட்டியோடும் பையில் போடுகிற சாமான். கப்பலில் வந்து, வரி கட்டி, குளிரறையில் கிடந்து, கடைசியில் நம் சந்தைக்கு வருகிற பழம் மலிவாக இருக்க முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறவர்கள்தான் அதிகம். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு சேர்த்துப் பழம் சாப்பிடுவதையே கைவிட்டுவிட்டோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன கிழமை எங்கள் சந்தையில் ஒரு அப்பிளுக்கு 120 ரூபாய் சொன்னார்கள். நாலு கடை தள்ளிக் கதலி வாழைப்பழம் ஒரு கிலோ 180. கொய்யா அதைவிடக் கொஞ்சம் கூட. இரண்டு கிலோ தேறும் பப்பாசி ஒன்றை 200 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது இரண்டு வேளைக்குப் போதும். அதே 200 ரூபாய்க்குத் தேநீர்க் கடையில் இரண்டு ரோல்ஸ்தான் வரும். விலை ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும், அது எனக்கும் தெரியும். கணக்கு மட்டும் பெரிதாக மாறாது.

சத்திலும் நம் பழம் குறைந்ததில்லை. 100 கிராம் கொய்யாவில் விற்றமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அதே அளவு தோடம்பழத்தில் 50 சொச்சம். அப்பிளில் ஐந்து கூட இல்லை. பெரிய ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் தாராளம். ஒரு கொய்யாப்பழம் அந்த நாளின் தேவையை முடித்துவிடுகிறது. மரமுந்திரிகைப் பழத்திலும் விற்றமின் சி அள்ளிக் கிடக்கிறது. வாகரைப் பக்கத்து மணலில் கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை அப்படியே எறிந்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. நறுக்கி உப்புத் தூள் தூவினால் அந்தப் பழம் தரும் தொண்டைக் கரகரப்பு குறையும். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிளினிக்கில் இரத்தம் பார்க்கும்போது ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் குருதிச்சோகை என்கிறோம். இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து அனுப்புகிறோம். வீட்டுக்குப் போனால் அந்தக் கர்ப்பிணிப் பிள்ளை குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டிருக்கும். தேயிலையில் உள்ள சாறு இரும்பைப் பிடித்து வைத்து, உடம்பில் சேர விடாது. விற்றமின் சி அதற்கு நேர்மாறு. முருங்கையிலைச் சுண்டல், பருப்பு, பொன்னாங்காணி இவற்றில் உள்ள இரும்பை உடம்பு நன்றாக எடுக்க அது உதவும். அதனால் மதியச் சோற்றோடு அரைத் துண்டு தேசிக்காய் பிழிந்துகொள், சாப்பிட்டு முடிய ஒரு கொய்யாப்பழத்தைக் கடி, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் பிந்திக் குடி என்று சொல்லுவேன். செலவே இல்லாத வைத்தியம் இது.

இதற்கு வரும் தடை காசு இல்லை, மாமியார்தான். வாழைப்பழம் சளி, அன்னாசி சூடு, இன்னொன்று கிரந்தி, பிள்ளை பெற்றவளுக்கு எந்தப் பழமும் குளிர். "நீங்க சொல்றீங்க மிஸ்ஸி, மறுகா பிள்ளைக்கு ஒண்டு வந்தா ஆர் பார்க்கிற?" என்று கேட்கும் அம்மாமாரை நான் குறைசொல்ல மாட்டேன். பிள்ளையின் மேல் உள்ள பயத்தில் கேட்பது அது. பச்சைப் பப்பாசிக் காயைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பதில் நியாயம் இருக்கிறது, அதன் பாலில் கருப்பையை இறுகச் செய்யும் தன்மை உண்டு. நன்றாகப் பழுத்துச் சிவந்த பப்பாசி வேறு. அதை அளவோடு சாப்பிட்டால் மலச்சிக்கல் தீரும், கண்ணுக்கு வேண்டிய சத்தும் கிடைக்கும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சோற்றோடும் பருப்போடும் பழகத் தொடங்கும்போது, கரண்டியால் மசித்த பப்பாசியும் வாழைப்பழமும் கொடுக்கலாம். சளி வருவது கிருமியால். வாழைப்பழத்தால் அல்ல.

ஒரு நாளைக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு இதில் சேராது. நமது சுகாதார அமைச்சும் நாளுக்கு இரண்டு பழமாவது சாப்பிடச் சொல்கிறது. இரண்டு பழம் என்றால் காலையில் ஒரு வாழைப்பழம், பின்னேரம் ஒரு கீற்றுப் பப்பாசி, அவ்வளவுதான். தட்டு நிறைய வெட்டி அடுக்க வேண்டிய தேவையில்லை.

அப்புறம், நம் பகுதியில் காலத்துக்குக் காலம் என்னென்ன பழம் வருகிறது என்று நினைத்துப் பார்த்தாலே வாய் ஊறுகிறது. வெயில் ஏறும் மாதங்களில் கல்முனை வீதியோரம் வெள்ளரிப்பழம் குவித்திருப்பார்கள், வெடித்துச் சிதறாமல் வாழைச்சருகால் சுற்றிக் கட்டி. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டை அவிழ்த்தால் தோல் விரலோடு வந்துவிடும். விதையை வழித்துவிட்டு, மாப்பிடியான சதையைக் கோப்பையில் போட்டு, தேங்காய் முதற்பால் கொஞ்சம் விட்டுச் சர்க்கரை ஒரு கிள்ளு போட்டால் மத்தியான வெக்கைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நன்றாகப் பழுத்ததென்றால் சர்க்கரை கூட வேண்டாம். அதே காலத்தில் காட்டுப் பக்கத்துச் சனங்கள் பாலைப்பழமும் வீரைப்பழமும் சுண்டுக் கணக்கில் கொண்டுவந்து விற்பார்கள். மாம்பழம், அன்னமுன்னா, நாவற்பழம், விளாம்பழம் என்று ஒன்று முடிய ஒன்று வரும். இன்றைய பிள்ளைகளில் பாலைப்பழத்தை வாயில் வைத்துப் பாராதவர்கள் எத்தனையோ பேர். உதட்டில் ஒட்டும் அந்தப் பாலைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கவும் அவர்களுக்குத் தெரியாது.

பழக்கம் இருந்தால் எந்த வீட்டிலும் முடியும் என்பதற்கு நம் அயலவர்களே சாட்சி. நோன்பு காலத்தில் காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர் வீதிகளைப் பாருங்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்கு வசதியுள்ள வீட்டிலும் இல்லாத வீட்டிலும் பேரீச்சம்பழத்தோடு ஒரு துண்டு வத்தகப்பழமோ பப்பாசியோ இருக்கும். அந்த மாதம் விலை ஏறினாலும் எப்படியோ வாங்கிவிடுகிறார்கள், பழம் இல்லாமல் அந்தத் தட்டு நிறையாது என்ற எண்ணம் இருப்பதால்.

பிள்ளைகள் விடயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பழப் படம் போட்ட பெட்டியில் வரும் பானத்தைப் பழம் என்று நம்பித் தாய்மார் பாடசாலைப் பையில் வைத்து விடுகிறார்கள். 2016 முதல் நம் நாட்டில் இனிப்புப் பானங்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. தயவுசெய்து பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 12 கிராம் உள்ள பானத்தில் 200 மில்லிலீற்றர் குடித்தால் ஆறு தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. வீட்டில் பிழிந்து சீனி போட்டு வடித்த ஜூஸும் பழத்துக்கு ஈடாகாது. வடிகட்டியில் தங்கும் சக்கையோடு நார்ச்சத்தும் போய்விடும். கடித்துச் சாப்பிட்டால்தான் வயிறு நிறையும்.

ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் காலை பத்து மணிக்கு நின்று பார்த்தேன். ரோல்ஸ், பற்றிஸ், கலர் சோடா, பொரித்த பைக்கற்றுகள். ஒரு சீப்பு வாழைப்பழம் கூட இல்லை. சிற்றுண்டிச்சாலைகளில் என்ன விற்கலாம், என்ன விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது, பழங்களை வைக்கவும் சொல்லியிருக்கிறது. நடத்துகிறவரைக் கேட்டேன். "வைச்சா அழுகிப் போகுது மிஸ்ஸி, பிள்ளைகள் வாங்குதுகள் இல்ல" என்றார். அவருக்கும் பிழைப்பு வேண்டும், நட்டத்துக்கு விற்கச் சொல்ல முடியாது. ஆனால் முழுக் கொய்யாவைக் கூடையில் போட்டு மூலையில் வைத்தால் எந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கும்? கழுவி நாலாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சிறு கடதாசிச் சுருளில் போட்டு 30 ரூபாய்க்கு வைத்துப் பாருங்கள். பாடசாலை வாசலில் அம்பிரலங்காய்க்கும் மாங்காய்க்கும் பிள்ளைகள் முண்டியடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஈ மொய்க்காமல் மூடி வைப்பதையும், வெட்டும் கத்தியும் கையும் சுத்தமாக இருப்பதையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று விற்கிற பக்கத்தில். படுவான்கரையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கூடையோடு வந்து வீதியோரம் சாக்கு விரிக்கும் அக்காமாரை எல்லோருக்கும் தெரியும். பத்து மணிக்கு மேல் வெயில் நேரே கூடையில் விழும். பப்பாசியின் வெயில் பட்ட பக்கம் முதலில் மினுங்கும், பிறகு குழையும், மத்தியானத்துக்குள் விரல் வைத்தால் உள்ளே போகும். பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த அக்கா பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறா. மிஞ்சியது வீதியிலேயே கிடக்கிறது. நம் நாட்டில் விளையும் பழத்திலும் மரக்கறியிலும் 30 முதல் 40 வீதம் சாப்பிடுகிறவர் கைக்கு வராமலே வீணாகிறது என்று ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். சந்தையின் உள்ளே கடை எடுக்க அந்த அக்காமாருக்குக் கட்டாது. பிரதேச சபைகளும் மாநகர சபைகளும் சந்தை மதிலோரம் ஒரு தகரக் கூரையும், தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திய சீமெந்துத் திண்ணையும், கழுவ ஒரு குழாயும் கொடுத்தால் போதும். நாள் வாடகை சிறிது எடுத்துக்கொள்ளட்டும். விற்கிறவருக்கு நட்டம் குறைந்தால் வாங்குகிறவருக்கும் விலை குறையும்.

காபைட் கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்துக்குப் பயந்து பழத்தையே விட்டவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கல் பாவிப்பது சட்டத்துக்கு விரோதம். தெரிந்தால் முறைப்பாடு செய்யுங்கள். வீட்டு மரத்துப் பழம் ஒரே மஞ்சளாக இராது, காம்படியில் பச்சை நிற்கும், மணம் வரும். எந்தப் பழமானாலும் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு வெட்டுங்கள்.

நீரிழிவுள்ளவர்கள் பழத்தைக் கண்டாலே ஒதுங்கத் தேவையில்லை. சோறு சாப்பிட்ட கையோடு நாலு வாழைப்பழம் வேண்டாம், இடைவேளையில் ஒரு நடுத்தரக் கொய்யாவோ ஒரு துண்டுப் பப்பாசியோ சாப்பிடலாம். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் வாழைப்பழம் உட்பட எதையும் வைத்தியரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். காமரங்காய் (நட்சத்திரப் பழம்) அவர்களுக்கு ஆபத்து, தொடவே கூடாது.

வளவு உள்ளவர்கள் ஒரு பப்பாசிக் கன்று வையுங்கள். பத்து மாதத்துக்குள் காய் தரும். நம் கரையோரத்தில் மாரி வெள்ளம் இரண்டு நாள் அடியில் நின்றால் வேர் அழுகிவிடும். அதனால் முழங்கால் உயரத்துக்கு மண்ணை மேடாக்கிய பிறகு வையுங்கள். குசினித் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் கோடைக்கும் தாங்கும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மரக்கறி விலையும் மீன் விலையும் பத்திரிகையில் வருகிறது. மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்றுச் சந்தைகளில் அந்தந்தக் கிழமை மலிவாகக் கிடைக்கும் உள்ளூர்ப் பழங்களின் விலையையும் கிழமைக்கு ஒருமுறை அதன் பக்கத்தில் போட முடியுமா? நாலு வரி போதும். கிளினிக்குக்கு வரும் தாய்மாருக்கு அதை வாசித்துக் காட்ட எங்கள் இளைய உத்தியோகத்தர்கள் தயாராக இருக்கிறார்கள், நான் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.