மின்நூல் கருவி வாங்குமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்நூல் கருவி வாங்குவோர் விலையைவிட முதலில் தாங்கள் படிக்கப்போகும் கோப்பின் வகையைப் பார்க்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்துப் பழைய நூல்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப், அதாவது பக்கங்களின் படங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். 6 அங்குலத் திரையில் வரிக்கு வரி பக்கத்தை இழுத்துத்தான் படிக்க வேண்டும். அதற்கு 10 அங்குலமே சரி. திரைக்கேற்ப வரிகள் மடங்கிக்கொள்ளும் இ-பப் கோப்புக்கு 6 அங்குலம் தாராளம்; 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருந்தால் 'ண', 'ன' சுழிகள் தெளியும்.

ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து 'கொ' எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், கருவியின் மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. அதை வாங்கவே வாங்காதீர்கள்!

நெல்லை வெயிலில் திண்ணையில் படிக்க காகிதம்போலத் தெரியும் மின்மைத் திரைதான் (இ-இங்க்) ஏற்றது, டேப்லெட் கண்கூசும். மாவட்ட மைய நூலகத்தில் இரண்டு அளவுகளிலும் ஒவ்வொரு கருவி வைத்தால், மக்கள் தொட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

– வாசகர், பாளையங்கோட்டை