லாரி போன பிறகு யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுமலையில் மஞ்சள் கொன்றை மரங்களை அகற்றும் பணி பற்றிய செய்தியைப் படித்தேன். (நம் சரக்கொன்றை அல்ல, இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக வந்து, காட்டை அடைத்துப் பரவிவிட்டது.) லாரி நிறைய மரம் போகிற படமும் போட்டிருந்தீர்கள். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அதைக் கூழுக்கு எடுத்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் லாரி போன பிறகு அந்த இடத்தை யார் பார்ப்பார்கள் என்று செய்தியில் ஒரு வரிகூட இல்லை.

வெட்டினால் சாகிற மரமில்லை இது. எங்கள் ஊர் மேட்டில் ஒற்றை மரமாக நின்றதை வெட்டினார்கள். இரண்டு மழை பெய்ததும் அடிக்கட்டையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தளிர் கிளம்பி, இப்போது ஆள் நுழைய முடியாத புதர். அடிமரத்துப் பட்டையைத் தரைவரை உரித்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளினால்தான் பட்டுப்போகும். காட்டில் இப்படியே பரவிக் கிடக்கும் இன்னொரு அயல் புதரான உண்ணிச்செடியும் லேசுப்பட்டதல்ல. மண்ணுக்குக் கீழே ஓரிரு அங்குலத்தில் வேரைத் துண்டித்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அப்புறமும் கொண்டைக்குருவி எங்கேயோ பழம் தின்றுவிட்டு வந்து இங்கே விதைத்துவிட்டுப் போகும்.

ஆக, ஒரு டெண்டரோடு முடிகிற வேலையில்லை. மூன்று நான்கு வருடம், மழைக்கு மழை, அதே இடத்துக்கு நடக்க வேண்டும். வெளியூர் ஒப்பந்தக்காரர் அதற்கு வருவாரா? இந்தக் காட்டுப் பழங்குடிகளான பெட்டக்குறும்பரும் இருளரும் காட்டுநாயக்கரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். யானை எந்த வழியாக வரும், எந்தப் பள்ளத்தில் முன்பு புல் இருந்தது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் உண்ணிக்குச்சியை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தில் வளைத்துக் கட்டிய யானை உருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. யானை செய்தே உண்ணியைத் தீர்த்துவிட முடியாது, சரி. ஆனால் கூலி கிடைத்தால் வேலை நடக்கும் என்பது தெரிந்ததே.

அயல் தாவரங்களுக்கென்று 2022இல் அரசு கொள்கையே வகுத்திருக்கிறது. காட்டைக் காக்கும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. வனத்துறை அந்தச் சபைகளோடு நேரடியாக ஒப்பந்தம் போடட்டும். வெட்டிய டன்னுக்கு இல்லாமல், திரும்ப முளைக்காமல் வைத்திருந்த ஏக்கருக்குப் பணம் கொடுக்கட்டும்.

அடுத்த முறை உங்கள் நிருபர் வரும்போது, போன வருடம் வெட்டிய இடத்தையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மசினகுடி, நீலகிரி மாவட்டம்