'0' என்று எழுதி அனுப்பியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தொற்றுநோய்க் கண்காணிப்பு, தடுப்பூசி சென்றடைந்த அளவு ஆகியவை குறித்து எங்கள் வட்டாரத்தில் நடந்த ஆய்வு நிறைவுற்றிருக்கும் இவ்வேளையில், அதற்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் ஆய்வுக் குழுவின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, நோயாளி எவரும் வராத வாரத்திலும் படிவத்தில் '0' என்று எழுதித் தவறாமல் அனுப்பிய சுகாதார நிலையப் பணியாளர்களுக்கு உரியது. வெற்றாக விடப்பட்ட கட்டத்தைக் கொண்டு நோய் இல்லை என்று முடிவுகட்ட இயலாது. தேடிப் பார்த்தும் இல்லை என்பதற்கும், யாரும் தேடவே இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஓர் எண்தான் காட்டியது. வந்த நோயை அறிவிப்பதைவிட, வராத நோயை வாராவாரம் தேடிப் பதிவுசெய்வதே கடினமான பணி என்று கருதுகிறேன்.

15 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கை கால் திடீரெனத் தளர்ந்தால், அது இளம்பிள்ளை வாதமா என்று உறுதிசெய்ய, 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகளை எடுத்து, குளிர்ச்சி கெடாமல் ஆய்வகம் சேர்க்க வேண்டும். கலங்கி நின்ற பெற்றோரிடம் அந்த மாதிரி எதற்கு என்று பொறுமையாக விளக்கிய செவிலியர்களையும், அந்த வேதனையிலும் மறுக்காமல் ஒத்துழைத்த பெற்றோரையும் எவ்வளவு போற்றினாலும் தகும். பெட்டியைத் திறந்ததும் ஐஸ் உருகாமல் இருக்கிறதா, பெயர்ச்சீட்டு சரியா என்று பார்த்த பிறகே பதிவேட்டில் ஏற்றிய ஆய்வகத்தாருக்கும், விடுமுறை நாளிலும் காலை மாலை வெப்பநிலையைக் குறித்து, தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் காத்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

தட்டம்மை மிக எளிதில் பரவுவதால், அதன் தடுப்பூசி இரு தவணைகளிலும் 95 விழுக்காட்டினரைச் சென்றடைய வேண்டும். சராசரி அதை எட்டினாலும், தவணை தவறிய குழந்தைகள் ஓரிடத்தில் திரண்டிருந்தால் அங்கே நோய் பரவிவிடும். அத்தகைய இடங்களை எங்களால் கண்டறிய முடிந்ததற்குக் காரணம், வீடு வீடாகச் சென்று தடுப்பூசி அட்டையிலுள்ள தேதிகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்த களப்பணியாளர்களே. அட்டை தொலைந்த வீடுகளில் தாயின் நினைவிலிருந்து எழுதியதை அவர்கள் தனியே குறித்து வைத்த நேர்மையால்தான், இரண்டையும் கலக்காமல் கணக்கிட முடிந்தது.

முடிவுகளை முதலில் உங்கள் நிலையங்களுக்கே அனுப்பிவைக்கிறோம். உங்கள் பதிவுகளுடன் மாறுபாடு ஏதும் இருப்பின் தெரிவியுங்கள்; இறுதி அறிக்கை அச்சேறுமுன் சரிபார்த்துத் திருத்தப்படும்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழு ஒருங்கிணைப்பாளர்