இரண்டாம் பருவமும் கிறிஸ்துமஸ் விழாவும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் முடியப்போகிறது. நல்லபடியாகவே போனது. விளையாட்டில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது, மழைக்கு விட்ட விடுமுறைகளையும் மீறிப் பாடங்களை முடித்துவிட்டோம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் உழைக்கிறார்கள், இன்னும் உழைக்கலாம். அரையாண்டுத் தேர்வு அட்டவணை டைரியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடைசி வேலைநாளில் நடக்கும் கிறிஸ்துமஸ் விழா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

நான் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டில் வளர்ந்தவன். நான்காம் வகுப்பில் எனக்கு மேய்ப்பன் வேடம். அப்பா மழையில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்து வேலைக்குப் போர்த்திப் போகும் கறுப்புக் கம்பளிதான் என் உடை. விறகுப் புகையும் தேயிலையும் கலந்த அதன் வாசம் இன்னும் நினைவில் இருக்கிறது. தலையில் துண்டு, கையில் சில்வர் ஓக் கிளை ஒன்று. சம்மனசுகளுக்கு, அதாவது தேவதூதர்களுக்கு, அம்மாக்களின் வெள்ளைப் புடவை, காலண்டர் அட்டையில் வெட்டிய இறக்கை, ஓரத்தில் ஜிகினா. குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் ஞானிகளில் ஒருவன், இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பையன். அவன் பாட்டி அங்கிருந்து கட்டி எடுத்து வந்த பூப்போட்ட ஜன்னல் திரையைப் போர்த்தி அனுப்பியிருந்தார். எங்களில் நிஜ ராஜா மாதிரி இருந்தவன் அவன்தான். வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின் என்று அவன் ஏந்தி வந்த டப்பாவில் இருந்தது கற்கண்டு. தொழுவம் போய்ச் சேருமுன் பாதி காலி.

சரி, போன வருடத்துக்கு வருகிறேன். ஒரு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மின்விளக்கு வைத்த கவுன் ஒன்றின் படம் வந்தது. அதைப் பார்த்து இன்னொருவர் வாங்கினார். இரண்டே நாளில், கோவைக்குப் போய் வாடகைக்கு எடுத்து வரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை. பிள்ளையை அழகாகப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் விழா அன்று ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர் வரவில்லை. காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் வந்தது. உடை வாங்க முடியாததுதான் காரணம் என்று ஜனவரியில்தான் எனக்குத் தெரிந்தது. அதில் ஒருத்தி, ஒத்திகையில் கணீரென்று பாடிய பிள்ளை. பச்சைத் தேயிலை விலை இறங்கினால் இங்கே ஒரு வீட்டில் என்னென்ன நின்றுபோகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, குளிர். மேகம் விலகிய டிசம்பர் இரவுகளில் உறைபனி விழுந்து, காலையில் புல்தரை வெள்ளையாகக் கிடப்பதைப் பார்க்கிறோம். அப்படிப்பட்ட ஊரில், சாயங்காலம் ஆறு மணிக்குக் கையில்லாத நெட் கவுனில் ஒரு யூகேஜி குழந்தை நடுங்கிக்கொண்டு நின்றது. ஸ்வெட்டர் போட்டுவிடப் போன ஆசிரியையை, "வீடியோவில கவுன் தெரியாது டீச்சர்" என்று தடுத்திருக்கிறார்கள்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை உடையும், இதற்கென்று வாங்கிய உடையும் இந்த வருடம் மேடை ஏறாது. வீட்டில் இருக்கும் துணி போதும். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் யாரும் ஸ்வெட்டர் இல்லாமல் மேடைக்குப் போக மாட்டார்கள். சம்மனசின் கழுத்தில் பள்ளி ஸ்வெட்டர் எட்டிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். இதில் யாரும் சிபாரிசுடன் என்னிடம் வர வேண்டாம். வகுப்பு ஆசிரியர்களிடம் வாக்குவாதமும் வேண்டாம், முடிவு என்னுடையது. விழாவையும் மதியம் 2 மணிக்கே தொடங்கி, 4 மணிக்குள் முடித்துவிடுவோம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். பண்டிகை அன்று வீட்டில் போட்டு அழகு பாருங்கள்.

ஞானி வேடம்தான் வேண்டும் என்று கேட்டிருந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மத்தேயு நற்செய்தியில் ஞானிகள் வந்த கதை இருக்கிறது, எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று என்று வழக்கமாகிவிட்டது. எனவே இந்த முறை நம் மேடையில் ஏழு ஞானிகள். ஜன்னல் திரைகளைத் துவைத்து வையுங்கள்.

போன வருடம் சைப்ரஸ் கிளைகளை ஜீப்பில் ஏற்றி வந்து மேடை கட்டித் தந்த அப்பாக்களுக்கும், ராத்திரி உட்கார்ந்து கிரீடம் ஒட்டிய அம்மாக்களுக்கும், எல்லாருக்கும் டீயும் வர்க்கியும் கொடுத்த பெற்றோருக்கும் நான் முறையாக நன்றி சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன். வர்க்கியை இந்த வருடமும் எதிர்பார்க்கிறேன், வெட்கமில்லாமல்.

வராமல் போன அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். இந்த முறை முதல் பாட்டு, ஒத்திகையில் கணீரென்று பாடிய அந்தப் பிள்ளையுடையது.

அப்பாவின் கம்பளி இன்னும் என்னிடம் இருக்கிறது. மேய்ப்பன் வேடத்துக்கு யாருக்காவது தேவைப்பட்டால் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். வெயிலில் காயப் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்