திபெத்திய வெள்ளியும் ஆறு அசைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லே, தரம்சாலா, காட்மாண்டு சென்று வருவோர் ‘திபெத்திய வெள்ளி’ என்று வாங்கிவரும் நகைகள் பலவற்றில் வெள்ளியே இருப்பதில்லை. செம்போடு நிக்கலோ துத்தநாகமோ கலந்த உலோகத்துக்கும் வணிகர்கள் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதும் சான்றாகாது, செம்பும்தான் ஒட்டாது.

உலோகம் எதுவானாலும், கைவேலைதானா என்று அறிய நகையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. நேபாளத்தின் லலித்பூரில் வாழும் நேவார் இனக் கைவினைஞர்கள் தகட்டைப் பின்புறமிருந்து தட்டி உருவத்தை எழுப்பும் முறையில், முன்னே பௌத்த மங்கலச் சின்னங்களான சங்கோ முடிவிலா முடிச்சோ புடைத்திருக்கும் இடத்தில் பின்னே குழிவும் உளித்தடமும் தெரியும். தாயத்துப் பெட்டி போலப் பின்தகடு மூடியவற்றில் மட்டும் இதைப் பார்க்க முடியாது.

பொறித்த எழுத்தில்தான் குழப்பம் அதிகம். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரம் சமஸ்கிருதமே என்றாலும், அது பெரும்பாலும் திபெத்திய எழுத்திலோ நேபாளத்தின் ரஞ்சனா எழுத்திலோ இருப்பதால், தேவநாகரியை எதிர்பார்ப்பவர்கள் அசலையே போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மொழி வேறு, எழுத்து வேறு. ஓம், ம, ணி, பத், மே, ஹூம் என அசைகள் ஆறு. ‘நூறாண்டுப் பழமை’ என்று ஒரு கடைக்காரர் என்னிடம் நீட்டிய மோதிரத்தில் ஐந்துதான் இருந்தன, அதிலும் ஒன்று தலைகீழாக.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை