அஹெஹே! என்னைத் திருத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை மாலை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கியில் எங்கள் வாராந்திரத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பேசினேன் அல்லவா, அதற்கு வந்தவர்களுக்கும், அதற்கு முந்தைய மூன்று மாதம் என் தொல்லையைத் தாங்கிக்கொண்டவர்களுக்கும் இந்த மடல். தனித்தனியாக வாட்ஸ்அப்பில் நன்றி சொல்லியாயிற்று. ஆனால் நான் பேசியதே ரொம்பத் தாமதமாக வந்த ஒரு நன்றியைப் பற்றி. அதனால் நாலு பேர் பார்க்க எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பேசியது செஸ்டர் நெஸ் என்ற நவஹோ தாத்தாவைப் பற்றி. நவஹோ என்பது அமெரிக்கப் பழங்குடி ஒன்றின் பெயர், அவர்கள் மொழிக்கும் அதே பெயர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க மரைன் படைக்குத் தங்கள் தாய்மொழியில் சங்கேதம் உருவாக்கிக் கொடுத்த முதல் 29 பேரில் ஒருவர். அந்த 29 பேரில் கடைசிவரை உயிரோடு இருந்தவரும் அவரே. 1921இல் நியூ மெக்சிகோவின் சிச்சில்டாவில் பிறந்தவர், 2014 ஜூன் 4 அன்று இதே ஆல்புகர்க்கியில் இறந்தார். இங்குள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 25 வருடம் பெயின்டராக வேலை பார்த்திருக்கிறார். நான் தினமும் ஆபீஸ் போவது அந்த மருத்துவமனையைத் தாண்டித்தான். எத்தனையோ வருடம் சிக்னலில் எரிச்சலோடு நின்றிருக்கிறேன், இவர் பெயர்கூடத் தெரியாமல்.

முதல் நன்றி நூலகர் அம்மாவுக்கு. ராணுவம் பிற்பாடு வெளியிட்ட சங்கேத அகராதியை எடுத்துக் கொடுத்தார். "முதலில் பறவைகளைப் பாருங்கள்" என்றார். எவ்வளவு சரியான யோசனை! சண்டை விமானத்துக்கு ஹம்மிங்பேர்டு. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானத்துக்குக் கோழிப்பருந்து. வேவு விமானம் ஆந்தை. குண்டு வீசும் பெரிய விமானம் பிணந்தின்னிக் கழுகு, அது போடும் குண்டுகள் முட்டைகள். டாங்கி ஆமை, கையெறி குண்டு உருளைக்கிழங்கு, நீர்மூழ்கிக் கப்பல் இரும்பு மீன். அமெரிக்காவுக்கு 'நம் அம்மா'. ஆட்டு மந்தையோடு வளர்ந்த பையன்கள் தங்களுக்குத் தெரிந்த உலகத்தை வைத்துச் செய்தது இது. போர்க்கல்லூரி மேதாவிகள் கூடி உட்கார்ந்திருந்தால் இந்த உருளைக்கிழங்கு வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

அடுத்து, நியூ மெக்சிகோவிலேயே கேலப் என்ற ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற நவஹோ மொழி டீச்சர். இந்த மடலில் பாதி அவருக்கே போக வேண்டும். என் பேச்சின் முதல் வரைவை ஆங்கிலத்தில் அவருக்குப் படித்துக் காட்டினேன். "ஜப்பானியருக்கு நவஹோ தெரியாது, அதனால் ரகசியம் காப்பாற்றப்பட்டது" என்று எழுதியிருந்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். வெறுமனே மொழியைப் பேசிவிட்டு வந்த பையன்கள் இல்லை அவர்கள், அதற்குமேல் இன்னொரு பூட்டும் போட்டவர்கள் என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பூட்டு இப்படி. அகராதியில் இல்லாத ஒரு பெயரை அனுப்ப வேண்டுமானால் ஆங்கில எழுத்துகளாக உடைப்பார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை நினைத்து, அதை நவஹோவில் சொல்வார்கள். ஜப்பானின் இவோ ஜிமா தீவிலுள்ள சுரிபாச்சி (Suribachi) மலை என்றால்: செம்மறியாடு (sheep, S), மாமா (uncle, U), கிடா (ram, R), பனிக்கட்டி, கரடி, எறும்பு, பூனை, குதிரை, அரிப்பு. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் எதிரி எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான் என்று, அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களைப் பிறகு சேர்த்தார்கள். 'ஏ'வுக்கு எறும்பும் உண்டு, ஆப்பிளும் உண்டு, கோடாரியும் உண்டு. எல்லாம் மனப்பாடம். போர்க்களத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடப் போகக்கூடாது.

ஜோ கியூமியா என்ற நவஹோ சிப்பாய் பிலிப்பைன்ஸில் ஜப்பானியரிடம் பிடிபட்டார். அவருக்கு இந்தப் பயிற்சி கிடையாது. ஒட்டுக்கேட்ட செய்திகளை அவரிடம் போட்டுக் காட்டினார்கள், சித்திரவதையும் செய்தார்கள். தாய்மொழிதான் காதில் விழுந்தது. ஆனால் ஆடு, எறும்பு, பூனை என்று தொடர்பில்லாத சொற்கள். அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. டீச்சர் இதைச் சொல்லி முடித்ததும் என் வரைவைக் கிழித்தேன்.

நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் ரொம்பக் கஷ்டப்படவில்லை. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று இலக்கண வகுப்பில் குழூஉக்குறிக்கு உதாரணம் படித்திருந்தார்கள். "அதுவேதான், ஆனால் உயிர் போகிற அவசரத்தில்" என்றேன். புரிந்துவிட்டது.

மூன்றாவது நன்றி பெயர் கேட்க மறந்த ஒருவருக்கு. கேலப்பிலிருந்து நவஹோக்களின் தலைநகரான விண்டோ ராக் போகிற வழியில் எங்கள் கார் டயர் வெடித்தது. ஸ்டெப்னியில் காற்று இல்லை, தப்பு என் வீட்டுக்காரருடையது (இதையும் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்). பிக்கப் டிரக்கில் வந்த பெரியவர் ஒருவர் இறங்கிக் காற்றடித்து, டயரை மாற்றியும் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். அப்பா ஊரைச் சொன்னேன். "அம்மா யார் வழி?" என்றார். அங்கே தாய்வழிக் குலத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டுமாம். திருநெல்வேலிப் பக்கம் என் ஆச்சி ஊரைச் சொன்னதும் திருப்தியாகத் தலையாட்டினார். விண்டோ ராக்கில் அந்தப் பெரிய பாறை வளையத்தின் கீழே, ரேடியோவோடு இருக்கும் சங்கேதக்காரர் சிலையைப் பார்க்க வெளிச்சம் இருக்கும்போதே எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் கைவேலை.

சரி, அன்று வர முடியாதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

செஸ்டர் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. உறைவிடப் பள்ளியில், செஸ்டர் ஆர்தர் என்ற பழைய ஜனாதிபதியின் பெயரை எடுத்து ஒட்டினார்கள். அங்கே நவஹோ பேசினால் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். அதே பையன் 1942இல், அறைத்தோழன் ராய் பெகேயோடு சேர்ந்து, வீட்டுக்குச் சொல்லாமல் மரைன் படையில் சேர்ந்தான். நவஹோ மொழியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை ஃபிலிப் ஜான்ஸ்டன் என்ற பொறியாளருடையது. பாதிரியாரின் மகனாக நவஹோ மண்ணில் வளர்ந்தவர் அவர். ஆனால் சான் டியேகோ அருகே கேம்ப் எலியட்டில் உட்கார்ந்து சொல் சொல்லாகச் சங்கேதத்தைக் கட்டியது அந்த 29 பேர். பல கட்டுரைகள் இந்த இடத்தில் ஜான்ஸ்டனுக்கு மாலை போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

1942 நவம்பர் 4, பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவு. மழை, சேறு, பதுங்குகுழி. ரேடியோவுக்குக் கையால் சுற்றித்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒருவர் சுற்ற, மற்றவர் பேசுவார். வலப்பக்கம் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி இருக்கிறது, அழித்துவிடுங்கள் என்பதுதான் நெஸ் அனுப்பிய முதல் செய்தி. சற்று நேரத்தில் அந்த இடம் வெடித்துச் சிதறியது. பழைய முறையில் ஒரு செய்தியை மாற்றி அனுப்பித் திரும்பப் பிரிக்க அரைமணி நேரம் பிடிக்கும். இவர்கள் மூன்று வரியை 20 நொடியில் முடித்தார்கள். அங்கிருந்து பூகன்வில், குவாம், பெலெலியு, அங்காவுர் என்று தீவு தீவாகப் போனார். கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான், இவோ ஜிமாவில் இவர் இருந்தாரா என்று. இல்லை. அங்கே வேறு ஆறு பேர், முதல் இரண்டு நாளில் 800க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையில்லாமல் அனுப்பினார்கள். போர் முடிவதற்குள் சுமார் 400 நவஹோக்கள் இந்த வேலையைச் செய்திருந்தார்கள்.

ஊர் திரும்பியபோது ஒரே ஒரு கட்டளை: யாரிடமும் சொல்லாதே. நெஸ் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. இரவுகளில் செத்த எதிரிகள் கனவில் வந்தார்கள். நவஹோக்களுக்கு இறந்தவரின் நிழல் படுவதே ஆகாது. இவரோ அவர்களுக்கு நடுவிலேயே இருந்துவிட்டு வந்தவர். குடும்பத்தார் எதிரியின் ஆவியைப் போக்கும் சடங்கைப் பல நாள் செய்தார்கள். என்ன வேலை செய்துவிட்டு வந்தான் என்று தெரியாமலே பாடினார்கள். நியூ மெக்சிகோவில் செவ்விந்தியர்களுக்கு ஓட்டுரிமை 1948இல்தான் வந்தது, அதுவும் வழக்குப் போட்டு. சங்கேதத்தின் ரகசியத்தை 1968இல் விலக்கினார்கள். முதல் 29 பேருக்குத் தங்கப் பதக்கம் 2001 ஜூலை 26 அன்று. அன்றைக்கு உயிரோடு இருந்தவர்கள் ஐந்து பேர். வாஷிங்டனுக்கு வர முடிந்தவர்கள் நான்கு பேர், அதில் நெஸ் ஒருவர். தினே (நவஹோக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர்) மொழியைக் கொண்டு எதிரியை வென்றார்கள் என்று அந்தப் பதக்கத்தில் எழுதியிருக்கிறது, சோப்புப் போட்டுக் கழுவிய அதே மொழியிலேயே.

இந்த இடத்தில் என் குரல் உடைந்தபோது தண்ணீர் கொண்டுவந்து வைத்த அக்காவுக்கு நன்றி. மைக் தகராறு செய்ததும் அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சும்மா பேசச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. நாற்காலி மடக்கியவர்களுக்கு, சுண்டல் செய்தவர்களுக்கு, மிச்சச் சுண்டலைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு. அப்புறம், எறும்பு, பூனை, கரடி என்று தங்கள் பெயர்களை எழுத்து எழுத்தாகக் கூவி அரங்கத்தையே சந்தையாக்கிய பிள்ளைகளுக்கு.

கடைசியாக மறுபடி டீச்சருக்கு. நவஹோவில் நன்றிக்கு 'அஹெஹே' என்பார்கள். கடைசியில் தொண்டையை லேசாக அடைத்து, சத்தத்தைச் சட்டென்று வெட்ட வேண்டும். எனக்கு அது வரவில்லை. போனில் ஆறு தடவை சொல்லவைத்தார், ஆறாவது தடவை "பரவாயில்லை, ஆடுகளுக்குப் புரியும்" என்றார். சமையலறையில் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன், டீச்சர். அடுத்த மாதம் கேலப் வரும்போது சொல்லிக் காட்டுகிறேன்.